மாதொருபாகன் வழக்கு

மாதொருபாகன் வழக்கு என்பது எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிய மாதொருபாகன் என்னும் தமிழ் நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் எழுந்த போராட்டத்தையும், அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 சூலை 5 அன்று வழங்கிய தீர்ப்பையும் குறிக்கும். குழந்தையின்மை, கோயில் திருவிழா, எழுதும் உரிமை ஆகிய மூன்றும் இவ்வழக்கில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. பாடநூல்களில் பாலினச் சமத்துவம், சமயப் பண்பாடு, அடிப்படை உரிமைகள் என இவை தனித்தனிப் பாடங்களாக வருவதுண்டு. நடைமுறையில் அவை அவ்வாறு பிரிந்து வருவதில்லை என்பதற்கு இவ்வழக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இந்நாவலை அரசு எப்போதும் தடை செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் அதன் விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயினும் 2015 சனவரியில் அந்நூல் மட்டுமன்றி, அதன் ஆசிரியரின் எல்லா நூல்களும் விற்பனையிலிருந்து விலக்கப்படும் நிலை உருவானது. தடையாணை இன்றியே ஒரு நூல் எவ்வாறு தடைப்படுகிறது என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வியாகும்.

திருச்செங்கோடும் வைகாசித் திருவிழாவும்

நாவலின் களமான திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டத்தில் ஒரு செந்நிறக் குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊராகும். மலைமேல் உள்ள கோயிலின் மூலவர் அர்த்தநாரீசுவரர். வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் நின்ற கோலத்தில் காட்சியளிக்கும் இவ்வடிவத்தை மூலவராகக் கொண்ட கோயில்கள் மிக அரியன. மாதொருபாகன், அம்மையப்பன் என்பன இறைவனுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்கள். நாவலின் தலைப்பும் இதிலிருந்தே எடுக்கப்பட்டது. திருஞானசம்பந்தர் இத்தலத்தைக் கொடிமாடச் செங்குன்றூர் என்ற பெயரில் பாடியுள்ளார். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் இதுவும் ஒன்று. முருகன் இங்கே செங்கோட்டு வேலவர் என்ற பெயரில் தனிச் சந்நிதியில் எழுந்தருளியிருக்கிறார். ஆதிகேசவப் பெருமாளுக்கும் அதே மலையில் சந்நிதி உண்டு. ஏறத்தாழ 1200 படிகள் ஏறி மலையுச்சியை அடையலாம். இப்போது வாகனப் பாதையும் உள்ளது.

ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில் நடைபெறும் விசாகத் தேர்த்திருவிழா இப்பகுதியின் பெருவிழாவாகும். உற்சவமூர்த்திகள் மலையிலிருந்து படிவழியே இறக்கிக் கொண்டுவரப்பட்டு, நகரில் தங்கி, தேரில் வீதியுலா வந்து, விழாவின் முடிவில் மீண்டும் மலையேறுகின்றனர். சுற்றுவட்டாரத்து உழவர் குடும்பங்களுக்கு இது கடவுளைக் காணும் நாள் மட்டுமன்று. உறவினரைப் பார்ப்பதும், மாட்டுக்குக் கயிறு வாங்குவதும், கூத்துப் பார்ப்பதும், பெண் கேட்பதும் எல்லாம் இந்த நாட்களில்தான். கடவுள் மலையை விட்டு மக்களிடம் இறங்கி வரும் காலம் என்ற இந்த உணர்வைத் தெரிந்துகொள்ளாமல் நாவலின் முக்கிய நிகழ்வைப் புரிந்துகொள்ள இயலாது.

நாவல்

மாதொருபாகன் 2010 ஆம் ஆண்டு காலச்சுவடு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. ஆசிரியர் பெருமாள்முருகன் 1966 இல் திருச்செங்கோடு வட்டாரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஏறுவெயில், நிழல்முற்றம், கூளமாதாரி, கங்கணம் ஆகியவை இதற்கு முன் அவர் எழுதிய நாவல்கள். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியையும் அவர் வெளியிட்டுள்ளார். இதனைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பின்னாளில் அவரை ஊருக்கு எதிரானவர் என்று சிலர் கூறினர். ஆனால் அந்த வட்டாரத்தின் பேச்சையும் வாழ்வையும் தமிழிலக்கியத்தில் அவரளவுக்குப் பதிவு செய்தவர்கள் மிகச் சிலரே.

நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய காலத்தில் கதை நிகழ்கிறது. காளியும் பொன்னாவும் கொங்கு வேளாளர் சாதியைச் சேர்ந்த உழவுத் தம்பதியர். ஒருவர்மேல் ஒருவர் தீராத அன்புடையவர்கள். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. செய்யாத வேண்டுதல் இல்லை, உண்ணாத மருந்து இல்லை. குழந்தை வேண்டுவோர் உயிரைப் பணயம் வைத்துச் சுற்றிவரும் மலையுச்சிப் பாறையையும் சுற்றி வந்துவிட்டனர். ஊரார் பேச்சு மட்டும் நிற்பதில்லை.

திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், அதாவது சாமிகள் மலையேறும் நாளில், ஆண் பெண் உறவுக்குரிய வழக்கமான கட்டுப்பாடுகள் தளர்ந்துவிடும் என்பது நாவலில் வரும் செய்தி. குழந்தையில்லாப் பெண்கள் அன்று கூட்டத்தில் தமக்கு இசைந்த ஓர் ஆணுடன் சேரலாம். அந்த இரவில் எந்த ஆணும் கடவுளாகவே கருதப்படுகிறான். பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை. பொன்னாவை அங்கே அனுப்ப இரு குடும்பத்தாரும் முடிவெடுக்கின்றனர். காளி இதற்கு உடன்படவில்லை. பொன்னாவின் அண்ணனும் காளியின் நண்பனுமாகிய முத்து, அவனைக் குடிக்க அழைத்துக்கொண்டு வேறிடம் போய்விடுகிறான். காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் பொய் சொல்லப்படுகிறது. அவள் திருவிழாவுக்குச் செல்கிறாள். இரவில் திரும்பிவரும் காளி அதனை அறிந்து நிலைகுலைகிறான். நாவல் அத்துடன் முடிகிறது.

காளிக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்பதற்குப் பெருமாள்முருகன் இரு விடைகள் எழுதினார். ஆலவாயன், அர்த்தநாரி என்னும் இரு தொடர்ச்சி நாவல்கள் 2014 இல் வெளிவந்தன. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றதில் உயிர்பிழைத்துப் பொன்னாவைத் தன் மௌனத்தால் தண்டிக்கிறான். அனிருத்தன் வாசுதேவன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெங்குவின் நிறுவனம் 2013 இல் வெளியிட்டது.

குழந்தையின்மையும் பெண்ணும்

நாவலைப் படிக்காதவர்களும் அந்தப் பதினான்காம் நாள் இரவைப் பற்றி அறிந்திருக்கிறார்கள். ஆனால் நாவலின் பெரும்பகுதி அந்த இரவைப் பற்றியதன்று. பிள்ளை இல்லாதவளை ஊர் எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பற்றியதாகும். மலடி, வறடி என்ற சொற்கள் கொங்கு வட்டாரத்தில் வெறும் வசைகள் அல்ல. அவை ஒருத்தியின் இடத்தை வரையறுப்பவை. அத்தகைய பெண் மங்கல நிகழ்வுகளில் முன்னே நிற்கக் கூடாது. பிறர் குழந்தையைத் தூக்கினால் கண்ணேறு என்பர். காட்டில் அவள் கை பட்ட விதை முளைக்காது என்று சொல்வோரும் இருந்தனர்.

காளிக்கும் இழிசொல் உண்டு. ஆனால் அவனுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. இரண்டாம் திருமணம் செய்துகொள் என்று அவனுக்கு யோசனை கூறப்படுகிறது. குறை யாரிடம் என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. அது பெண்ணிடமே என்பது முன்முடிவு. இருவரில் எவரிடம் குறை இருந்தாலும் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அவள் உடலின்மேலேயே விழுகிறது. சொத்துக்கு வாரிசு, கொள்ளி வைக்கப் பிள்ளை என்ற கவலைகள் உழவர் சமூகத்தில் எவ்வளவு கனமானவை என்பதையும் நாவல் கூறுகிறது. திருமணமே செய்துகொள்ளாமல் தன்போக்கில் வாழும் நல்லுப்பையன் சித்தப்பா என்னும் பாத்திரம் இக்கவலைகளுக்கு நேர்மாறாக நாவலில் உலவுகிறது. நாவலில் சிரிப்பு வருவது பெரும்பாலும் அவர் வாயிலாகவே.

பொன்னாவின் சம்மதம் என்பது நாவலின் நுட்பமான இடம். கணவன் விருப்பமென்று நம்பியே அவள் போகிறாள். அந்த நம்பிக்கை பொய்யின்மேல் எழுப்பப்பட்டது. எனவே அதனைச் சம்மதம் எனலாமா என்ற கேள்வி எழுகிறது. அதேவேளை, திருவிழாக் கூட்டத்தில் யாருக்கும் தன்னைத் தெரியாது என்று உணரும்போது அவளுக்குப் பல ஆண்டுகளாக இல்லாத ஒரு விடுதலை உணர்வும் உண்டாகிறது. நெருங்கிவரும் ஒருவனை மறுக்கவும் அவளால் முடிகிறது. பெண்ணைப் பலியாக மட்டுமோ, கட்டற்றவளாக மட்டுமோ காட்டாத இந்தப் பகுதியைப் பின்னாளில் துண்டறிக்கைகளில் அச்சிட்டவர்கள் எவ்வளவு கவனித்தனர் என்பது ஐயமே.

சாதியும் இதில் மறைந்துநிற்கிறது. அன்றிரவு கூட்டத்தில் இருக்கும் ஆண்களில் தாழ்த்தப்பட்ட சாதியினரும் இருப்பார்களே என்ற அச்சம் காளியின் பேச்சில் வெளிப்படுகிறது. எல்லா ஆணும் கடவுள் என்றால் எல்லாச் சாதி ஆணும் கடவுள்தான். வாரிசு வேண்டும், ஆனால் சாதி கலக்கக் கூடாது என்ற முரண்பாட்டை நாவல் இவ்வாறு வெளிக்கொண்டு வருகிறது. எதிர்ப்பின் கடுமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுவோர் உண்டு.

கணவனல்லாத ஒருவர் மூலம் குழந்தை பெறும் வழக்கம் இந்திய மரபில் புதுமையன்று. பழைய நூல்கள் அதனை நியோகம் என்கின்றன. மகாபாரதத்தில் விசித்திரவீரியன் பிள்ளையின்றி இறந்தபின் அம்பிகை, அம்பாலிகை இருவரும் வியாசர் வழியாகத் திருதராட்டிரனையும் பாண்டுவையும் பெறுகின்றனர். பாண்டவர் ஐவரும் தேவர்களின் அருளால் பிறந்தவர்களே. இக்கதைகள் கோயில்களிலும் கூத்து மேடைகளிலும் எவ்வித எதிர்ப்புமின்றிச் சொல்லப்பட்டு வருகின்றன.

எதிர்ப்பு

நூல் வெளியாகி நான்கு ஆண்டுகள் வரை எதிர்ப்பு எதுவும் எழவில்லை. 2014 திசம்பரில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் பரப்பப்பட்டன. திசம்பர் 26 அன்று நூலின் படிகள் எரிக்கப்பட்டன. ஆசிரியருக்குத் தொலைபேசி வழியே மிரட்டல்கள் வந்தன. இந்து அமைப்புகளைச் சேர்ந்தோரும் சாதிச் சங்கத்தினரும் போராட்டத்தை முன்னெடுத்தனர். 2015 சனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் முழு அடைப்பு நடைபெற்றது.

எதிர்ப்பாளர்களின் வாதத்தை அதன் வலுவான வடிவில் கூறுவதானால் அது இவ்வாறு அமையும். நாவலில் வருவது கற்பனை ஊரன்று. உண்மையான ஊர், உண்மையான கோயில், இன்றும் நடக்கும் திருவிழா, பெயர் சொல்லப்பட்ட சாதி. அப்படியிருக்க, ஆதாரமில்லாத ஒரு வழக்கத்தை அங்கே நடந்ததாக எழுதினால், அத்திருவிழாவுக்குச் சென்ற தாய்மாரையும் பாட்டிமாரையும் அது களங்கப்படுத்தும், அவ்வூரில் பிறந்தவர்களின் பிறப்பே ஐயத்துக்கு உள்ளாகும் என்றனர். நாவலுக்காக நல்கை பெற்றுக் களத்தில் தகவல் திரட்டியதை ஆசிரியரே முன்னுரையில் குறிப்பிட்டிருந்ததால், இதனை வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது என்றும் அவர்கள் கூறினர்.

இவ்வாதத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. களங்கம் என்னும் சொல் இங்கே பெண்களின் நடத்தையைச் சுற்றியே வருகிறது. ஊரின் மானம் பெண்ணின் உடலில் வைக்கப்பட்டிருக்கிறது என்னும் நம்பிக்கையே பொன்னாவைத் திருவிழாவுக்கு அனுப்பியது. அதே நம்பிக்கைதான் அவளைப் பற்றிய நூலையும் எரித்தது. வாரிசு இல்லாதது அவமானம் என்பதும், வாரிசு அவ்வாறு வந்ததென்று சொல்வது அவமானம் என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஆசிரியர் விளக்க அறிக்கை வெளியிட்டார். மனம் புண்பட்டிருந்தால் வருந்துவதாகவும், அடுத்த பதிப்பில் திருச்செங்கோட்டைக் குறிக்கும் அடையாளங்களை நீக்கிவிடுவதாகவும் தெரிவித்தார். எதிர்ப்பு தணியவில்லை.

அமைதிக் கூட்டம்

2015 சனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. ஊர்களில் கோயில் மரியாதை, தேர் ஓடும் தெரு, சுடுகாட்டுப் பாதை போன்றவற்றில் தகராறு மூளும்போது வருவாய்த் துறையினர் இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்து எழுதி வாங்குவது தமிழகத்தில் நெடுங்கால வழக்கம். அமைதிக் கூட்டம் என்று இதனைக் குறிப்பிடுவர். பலமுறை இதனால் அடிதடி தவிர்க்கப்பட்டிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவ்விடங்களில் எதிரெதிரே இருப்பவை இரண்டு தரப்புகள். இங்கே ஒருபுறம் பல அமைப்புகளும் வெளியே திரண்ட ஊரும் இருந்தன. மறுபுறம் தனியொரு எழுத்தாளர் இருந்தார்.

ஆசிரியர் வருத்தம் தெரிவிப்பதாக முதலில் எழுதப்பட்ட வாசகம் ஏற்கப்படவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று அது மாற்றப்பட்டது. சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவது, இனி மக்கள் மனம் புண்படும்படி எழுதுவதில்லை என உறுதி கூறுவது ஆகியவையும் அதில் இடம்பெற்றன. அவர் கையெழுத்திட்டார்.

அடுத்த நாள் தமது முகநூல் பக்கத்தில் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றும், இனி ஆசிரியனாக மட்டுமே வாழ்வான் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. தம் நூல்கள் அனைத்தையும் திரும்பப் பெறுவதாகவும், பதிப்பாளர்கள் எவரும் அவற்றை விற்கக் கூடாதென்றும், விற்காத படிகளுக்கு உரிய இழப்பீட்டைத் தாமே தருவதாகவும் அறிவித்தார். பின்னர் குடும்பத்துடன் நாமக்கல்லை விட்டுச் சென்னைக்குப் பணிமாறுதல் பெற்றுச் சென்றார்.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளியிடும் உரிமையையும் வழங்குகிறது. இவ்வுரிமை எல்லையற்றதன்று. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நயத்தக்க நடத்தை அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய எட்டுக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என 19(2) கூறுகிறது. மனம் புண்படுதல் என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதுபோலவே, கட்டுப்பாடு சட்டத்தின் வழியாகவே விதிக்கப்பட வேண்டும். ஓர் அதிகாரியின் வாய்மொழி அறிவுரை சட்டமாகாது.

சமய உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 295அ ஆகும். லாகூரில் வெளியான ஒரு துண்டுநூல் தொடர்பான வழக்கில் பதிப்பாளர் விடுதலை செய்யப்பட்டதை அடுத்து, ஆங்கிலேய அரசு 1927 இல் இதனைச் சேர்த்தது. வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் செய்த செயலுக்கு மட்டுமே இது பொருந்தும். அந்த வரம்பு இருப்பதாலேயே இப்பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் ராம்ஜி லால் மோடி வழக்கில் 1957 இல் கூறியது. ஆபாசத்தைத் தண்டிக்கும் 292, பிரிவினரிடையே பகை வளர்ப்பதைத் தண்டிக்கும் 153அ ஆகியவையும் நூல்களுக்கு எதிராக அடிக்கடி எடுத்தாளப்பட்டவை. 2024 சூலை 1 முதல் இவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 294, 196 ஆகிய பிரிவுகள் நடைமுறையில் உள்ளன.

எதிர்ப்புக் கூட்டம் வன்முறையில் இறங்கும் என்பதற்காகப் பேசுபவரை நிறுத்தலாமா என்ற கேள்விக்கும் முன்பே விடை கிடைத்திருந்தது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழியாக! இட ஒதுக்கீட்டைப் பற்றிய ஒரே ஒரு கிராமத்திலே என்னும் திரைப்படத்துக்கு வழங்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியிருந்தது. 1989 இல் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சான்றிதழை மீட்டளித்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும், அச்சுறுத்தலுக்கு அடிபணிவதாகும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. பேசுபவரைக் காப்பது அரசின் கடமை, தன்னால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று அரசு கைவிரிக்கலாகாது என்பது அதன் சாரம்.

சுருங்கச் சொன்னால், நாமக்கல் கூட்டத்தில் செய்யப்பட்டதற்குச் சட்டத்தில் இடமிருந்ததா என்ற கேள்விக்கான விடை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதனை ஆட்சியர் அலுவலகம் வரை கொண்டுசேர்க்க ஒருவர் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது.

தீர்ப்பு

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் அப்போதைய மாநிலத் தலைவர் ச. தமிழ்ச்செல்வன் அமைதிக் கூட்ட உடன்பாட்டை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு அளித்தார். நூலுக்கும் ஆசிரியருக்கும் எதிராக நடவடிக்கை கோரி எதிர்த்தரப்பினரும் மனுக்கள் அளித்தனர். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு இவற்றை ஒன்றாக விசாரித்தது. கவுல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது, 2008 இல் ஓவியர் எம். எஃப். உசைன் மீதான ஆபாச வழக்குகளை நீக்கித் தீர்ப்பளித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அமைதிக் கூட்ட உடன்பாட்டுக்குக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. மன்னிப்பும், பகுதிகளை நீக்கும் உறுதியும், படிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் இதனால் பொருளற்றவையாயின. ஆசிரியர்மேல் குற்ற நடவடிக்கை கோரிய மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டன.

நூலை முழுமையாகப் படிக்க வேண்டும், பிய்த்தெடுத்த சில பக்கங்களைக் கொண்டு மதிப்பிடக் கூடாது என்பது தீர்ப்பின் முதன்மையான அணுகுமுறை. நீதிபதிகள் நாவலின் கதையையும் பாத்திரங்களையும் தீர்ப்பிலேயே விரிவாக ஆராய்ந்துள்ளனர். இலக்கியத் திறனாய்வு போலவே தோன்றும் அப்பகுதிகள் தனியே படிக்கத்தக்கவை. ஆபாசம் பற்றிய கேள்வியில், 2014 இன் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவுகோலான சமகாலச் சமூக மதிப்பீட்டை அமர்வு பின்பற்றியது. குழந்தையில்லாத் தம்பதியின் வேதனையே நூலின் பொருள் என்றும், காம உணர்வைத் தூண்டுவது அதன் நோக்கமன்று என்றும் முடிவு செய்தது. பழைய இதிகாசங்களில் இத்தகைய செய்திகள் உள்ளதையும் சுட்டிக்காட்டியது.

பதினான்காம் நாள் வழக்கம் உண்மையில் இருந்ததா? பலரும் எதிர்பார்த்த இக்கேள்வி வழக்கை முடிவு செய்யவில்லை. நூல் வரலாறாக அன்றி நாவலாகவே படிக்கப்பட வேண்டியது என்ற நிலைப்பாட்டில் தீர்ப்பு அமைந்தது. எதிர்த்தரப்பாருக்கு இது முழு மனநிறைவைத் தந்திருக்க இயலாது. உண்மையான ஊரின் பெயரைப் புனைவில் பயன்படுத்தும்போது எழுத்தாளருக்கு உள்ள பொறுப்பு எது என்பது இலக்கிய வட்டத்தில் இன்றும் பேசப்படும் ஒன்றே. ஆனால் அது எழுத்தாளரும் வாசகரும் விவாதிக்க வேண்டிய பொறுப்பு. காவல் துறை தீர்க்க வேண்டிய குற்றமன்று.

பிடிக்காத நூலை வாசகர் ஒதுக்கிவிடலாம், அதனைப் படிக்க எவரும் வற்புறுத்தப்படுவதில்லை என்பதையும் நீதிபதிகள் எளிய சொற்களில் நினைவூட்டினர். இத்தகைய சிக்கல்கள் எழும்போது கருத்துரிமைக்குச் சார்பாகவே அதிகாரிகள் தொடக்க நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்றும், இலக்கியமும் கலையும் அறிந்தவர்களைக் கொண்ட வல்லுநர் குழுவொன்றை மாநில அரசு அமைக்க வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. இறுதியில், ஆசிரியர் தாம் சிறந்து விளங்கும் எழுத்துப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. தன்னை இறந்தவனாக அறிவித்துக்கொண்ட ஒருவரை மீண்டும் உயிர்த்தெழச் சொன்ன அவ்வரிகள் உலகெங்கும் செய்தியாயின.

பின்னர்

2016 ஆகத்தில் பெருமாள்முருகனின் கோழையின் பாடல்கள் என்னும் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. எழுதுவதில்லை என்று அறிவித்திருந்த மாதங்களில் மறைவாக எழுதப்பட்ட கவிதைகள் அவை. தலைப்பே அந்த மாதங்களின் மனநிலையைச் சொல்லும். அதே ஆண்டின் இறுதியில் பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை வந்தது. அதன் முன்னுரையில் மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக உள்ளது என்றும், விலங்குகளிலும் மாட்டையும் பன்றியையும் தொட முடியாது, ஆகவே ஆட்டைத் தேர்ந்ததாகவும் எள்ளலோடு கூறியிருந்தார். நீதிமன்றம் ஒருவருக்கு உரிமையைத் திருப்பித் தரலாம், ஆனால் அச்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள இயலாது என்பது அந்த முன்னுரையைப் படிப்போர்க்கு விளங்கும்.

மாதொருபாகனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018 இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதின் மொழிபெயர்ப்புப் பிரிவு நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பூக்குழி நாவலின் மொழிபெயர்ப்பு 2023 இல் பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குத் தேர்வானது. ஆளண்டாப் பட்சியின் மொழிபெயர்ப்புக்கு அதே ஆண்டில் ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. மாதொருபாகன் நூல் மீண்டும் கடைகளில் விற்பனைக்கு வந்தது. திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேரும் ஆண்டுதோறும் முன்போலவே ஓடுகிறது.